கடல்கடந்த காவலர் சங்கம்

ஸ்கார்பரோ, கனடா
10.8.1997

அன்புத் தங்கை செல்லியம்மாளுக்கு,

அண்ணன் பச்சமுத்து எழுதுவது. இங்கே நானும் கொளஞ்சியும் மருமகளும் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை முனியனுக்கு சர்க்கரை ஆலையில் அரவை எப்போது தொடங்குகிறது? அம்சவள்ளி டீச்சர் டிரெயினிங் பரீட்சை எழுதிவிட்டாளா?

நான் மகன் கொளஞ்சி வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. முப்பத்தேழு வருடம் காக்கி போட்டு, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வுபெற்றவன், இங்கே காலையில் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைக்கிறேன். சாயங்காலம் திரும்ப உள்ளே இழுக்கிறேன். அவ்வளவுதான் டியூட்டி. போன வாரம் தமிழ்க்கடையில் ஒரு பெரியவர் வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரனை அவர் விசாரித்த தோரணையிலேயே போலீஸ்காரர் என்று கண்டுபிடித்துவிட்டேன். பக்கீர் முகமது, திருக்கோவிலூர்க்காரர், ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர். அவரும் மகன் வீட்டில்தான் இருக்கிறார். எங்களைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர் இங்கே இருக்கிறார்களாம்.

ஆகவே ஒரு சங்கம் தொடங்குகிறோம். கடல்கடந்த ஓய்வுபெற்ற காவலர் நலச் சங்கம். நான் தலைவர். மாதம் ஒருமுறை நூலகத்து அறையில் கூடுவோம். இதற்கு நீ சில காரியங்கள் செய்ய வேண்டும். காஜா அச்சகத்தில் சங்கத்தின் பெயர் போட்ட தாள் இருநூறு அடித்து வாங்கு. ஒரு ரப்பர் ஸ்டாம்பு, வட்டமாக, நடுவில் தராசு. பிறகு ஸ்டேஷனுக்குப் போய், நம் பக்கத்தில் ஓய்வுபெற்று வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் காவலர்களின் விலாசம் கேட்டு எழுதி அனுப்பு. பச்சமுத்து எஸ்.ஐ. கேட்டதாகச் சொன்னால் உடனே தருவார்கள்.

தாமதம் வேண்டாம்.

அன்பு அண்ணன்,
பச்சமுத்து


கள்ளக்குறிச்சி
6.9.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்லியம்மாள் வணக்கத்துடன் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் அப்படியே இருக்கிறது. அம்சவள்ளி பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள்.

அண்ணா, நான் சத்துணவு மையம் நடத்துகிறேன். காலை எட்டு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் நூற்றுப்பத்துப் பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவுகிறவரை எனக்கு மூச்சுவிட நேரமில்லை. அதற்கு நடுவே உங்கள் தாளுக்காக காஜா அச்சகத்துக்கு நான்கு முறை நடந்தேன்.

"இன்னாக்கா, கனடாவுல போலீஸ் சங்கமா? அங்க போயி யாரப் புடிக்கப் போறாங்க?" என்று காஜா கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். முதல் முறை அச்சடித்ததில் 'ஓய்வுபெற்ற காவலர்' என்பது 'ஓய்வற்ற காவலர்' என்று வந்துவிட்டது. காட்டினேன். "அதுவும் சரியாத்தானக்கா கீது" என்கிறார். சண்டை போட்டு மாற்றி அடிக்க வைத்தேன். ரப்பர் ஸ்டாம்பில் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதை இனி மாற்ற முடியாது.

ஸ்டேஷனில் உங்கள் பெயரைச் சொன்னேன். எழுத்தராக இருக்கும் பையனுக்கு உங்களைத் தெரியவில்லை. "இங்க வேலையில இருக்கறவங்களே எங்க கீறாங்கன்னு தெரியல. ரிட்டயர் ஆனவங்கள எங்கம்மா போயித் தேடறது?" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டான். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து திரும்பிவிட்டேன்.

தாளும் ஸ்டாம்பும் பார்சலில் வருகிறது. இதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளவும்.

தங்கை,
செல்லியம்மாள்


ஸ்கார்பரோ
5.10.1997

அன்புத் தங்கைக்கு,

நலம். எல்லோர் நலமும் அறிய வேண்டும். பார்சல் வந்தது. தராசு சாய்ந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

முதல் கூட்டம் நடந்தது. ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மதுரைப் பக்கத்து டி.எஸ்.பி. அவர் வந்து நின்றதும் பழக்க தோஷத்தில் நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். அவரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நான் தலைவர் என்று சொன்னதற்கு, "ஒரு எஸ்.ஐ. தலைவரா இருக்கற சங்கத்துல நான் எப்படிய்யா உட்கார்றது?" என்கிறார். அரை மணி நேரம் இதிலேயே போனது. கடைசியில் அவருக்குப் 'பெருந்தலைவர்' என்று ஒரு பதவி உண்டாக்கினோம். யாழ்ப்பாணத்து சார்ஜன்ட் ஒருவர், அவர் ஊர்ச் சீருடைதான் உயர்ந்தது என்று ஆரம்பித்தார். பக்கீர் முகமது தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, "பச்சமுத்து, திருடனுங்களே மேல்" என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கூட்டத்தில் வைக்கச் சங்க விதிகள் எழுதிவிட்டேன். நான்காம் விதி முக்கியமானது. மரியாதையுடன் பணி முடித்து ஓய்வுபெற்றவர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம். இதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்க்கடையில் என் படத்தோடு ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒருவன் விண்ணப்பம் கொடுத்திருக்கிறான். பெயர் வேடியப்பன். கல்வராயன் மலைக்காரன், வெள்ளிமலைக்கு அப்பால். மகள் இங்கே நர்ஸ். இந்தப் பெயரில் யாரையும் எனக்கு நினைவில்லை. 614-ஆம் எண் காவலர். 1976-இல் குடித்துவிட்டு வேலை பார்த்ததாக நீக்கப்பட்டவன். நீ விழுப்புரம் மாவட்டக் காவல் அலுவலகத்துக்குப் போய் அந்த நீக்க உத்தரவின் நகல் ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும். கூட்டத்தில் வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. ஊரில் உள்ள உறவு என்ற இடத்தில் அக்கா ஆயம்மாள் என்று எழுதியிருக்கிறான்.

இது கடைசி உதவி. வேறு கேட்கமாட்டேன்.

அண்ணன்,
பச்சமுத்து


கள்ளக்குறிச்சி
2.11.1997

அண்ணனுக்கு,

வணக்கம். தீபாவளி வந்து போனது. வீட்டுக்காரருக்கு இருமல், மற்றபடி சுகம். அம்சவள்ளி பரீட்சையில் தேறிவிட்டாள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த ஆளை நினைவில்லை என்கிறீர்கள். அவர் காவலர் எண் நினைவிருக்கிறது. வருடம் நினைவிருக்கிறது. எதற்காக நீக்கினார்கள் என்பதும் நினைவிருக்கிறது. எனக்குப் பத்தாம் வகுப்புப் படிப்புதான் அண்ணா. இருந்தாலும் இது எனக்குப் புரியவில்லை.

விழுப்புரத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். மூன்று மேசைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது மேசைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும், "சம்பந்தப்பட்டவர் மனு போடணும், இல்ல ரத்த உறவு போடணும். நீ யாரும்மா அவருக்கு?" என்று கேட்டார். நான் யாரும் இல்லை என்றேன். "அப்ப உனக்கு எதுக்கு?" என்றார். அந்தக் கேள்வியை நானும் உங்களிடம் கேட்கிறேன். ஒரு கிழவர் உங்கள் சங்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

பதில் எழுதவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

செல்லியம்மாள்


ஸ்கார்பரோ
24.11.1997

தங்கைக்கு,

நலமே. பனி தொடங்கிவிட்டது. கொளஞ்சி எனக்கு யானைக்கால் மாதிரி ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

அந்த வேடியப்பன் கூட்டத்துக்கு வருகிறான். உறுப்பினர் இல்லை என்று சொல்லியும் வருகிறான். கடைசி நாற்காலியில் உட்காருகிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் போகிறான். டி.எஸ்.பி.க்கு அவனைப் பிடித்துவிட்டது, ஏனென்றால் அவருக்கு சல்யூட் அடிப்பவன் அவன் ஒருவன்தான். பக்கீரும், "நல்ல மனுசனா கீறாரே, சேத்துக்கலாமே" என்கிறார். யாருக்கும் விதி பற்றி அக்கறை இல்லை. நான் ஒருவன்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

பழைய விஷயங்களை நீ கிளற வேண்டாம். உத்தியோகத்தில் ஆயிரம் இருக்கும், வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. ரத்த உறவு மனு போட்டால் நகல் கிடைக்கும் என்றால், அந்த ஆயம்மாளிடம் ஒரு கைநாட்டு வாங்கினால் போதுமே. பென்ஷன் விஷயம் என்று சொல். நான் யார் என்று சொல்லாதே. இவனைச் சேர்த்தால் நான் தலைவராக இருக்க முடியாது. அதற்கு மேல் கேட்காதே.

அம்சவள்ளிக்கு என் ஆசி.

பச்சமுத்து


கள்ளக்குறிச்சி
22.1.1998

அண்ணனுக்கு,

பொங்கல் முடிந்த மறுநாள், மையம் திறப்பதற்குள் மலைக்குப் போனேன். உங்கள் நச்சரிப்புத் தாங்காமல்தான் போனேன். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடை. அந்த ஏற்றத்தில் என் முழங்கால் படும் பாட்டுக்கு நீங்கள்தான் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று திட்டிக்கொண்டே நடந்தேன்.

ஆயம்மாள் வாசலில் கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். யார் என்று கேட்டாள். பொய் சொல்லத்தான் போனேன் அண்ணா. அவள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபோது பொய் வரவில்லை.

"கள்ளக்குறிச்சியிலேர்ந்து வரேன். ஏட்டு பச்சமுத்து தங்கச்சி" என்றேன்.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அப்ப நீதானா அது?"

"எது?"

"பிரசவத்துல துடிச்சிக்கினு கெடந்த பொண்ணு." பிறகு கேட்டாள்: "கொழந்த பொழச்சிதா?"

பிழைத்தது, பெண் குழந்தை, டீச்சருக்குப் படித்துவிட்டாள் என்றேன். அவள் வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லாருக்கட்டும். இருவத்தியோரு வருசமா அது மட்டும் தெரியாமக் கெடந்தேன். பொழச்சிருந்தா செரி, போனது போவட்டும்னு நெனச்சிக்குவேன். பொழைக்கலன்னா எதுக்குடா என் தம்பி இப்டி ஆனான்னு இருக்கும்" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். 1976 பங்குனி மாதம். மலையடிவாரத்து அவுட்போஸ்டில் நீங்கள் ஏட்டு, வேடியப்பன் காவலர். சாராய வழக்கில் மூன்று பேரைப் பிடித்து வைத்திருந்தீர்கள். அவர்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக ஜீப் வந்து நின்றது. உச்சிவேளை. நான் நம் அம்மா வீட்டில் இரண்டு நாளாகப் பிரசவம் ஆகாமல் கிடக்கிறேன் என்று ஆள் வந்து சொன்னது. நீங்கள் அந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு, இன்னொரு காவலரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டீர்கள். வேடியப்பன் மட்டும் மூன்று பேரோடு நின்றார். அவர்கள் அவர் மண்டையை உடைத்துவிட்டு ஓடிவிட்டார்கள்.

இதுவரை எனக்குக் கோபம் இல்லை. அந்த ஜீப் வராவிட்டால் நானும் இல்லை, என் மகளும் இல்லை. பிறகு ஆயம்மாள் மீதியைச் சொன்னாள்.

"உங்க அண்ணன் ஆஸ்பத்திரியில வந்து என் தம்பி கையப் புடிச்சிக்கினாரு. ஜீப்ப எடுத்தது தெரிஞ்சா என் வேல போயிடும், எனக்குக் குடும்பம் பெருசு, நீ கொஞ்சம் வாய மூடிக்கோ, சின்ன தண்டனதான், மூணு மாசத்துல திரும்ப எடுத்துக்குவாங்க, நான் பாத்துக்கறேன்னாரு. இவன் செரின்னுட்டான். விசாரணையில போயி உங்க அண்ணன், நான் ரோந்து போயிருந்தேன், இவன் குடிச்சிட்டுப் படுத்துக்கினு இருந்தான்னு எழுதிக் குடுத்துட்டாரு. என் தம்பி சாமி கும்புட்டு மால போட்டவன்மா. வாயில ஒரு சொட்டு பட்டதில்ல."

அதற்குப் பிறகு அவர் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டாராம். நான் கொண்டுபோயிருந்த மனுத்தாளைப் பார்த்து, எதற்கு என்றுகூடக் கேட்காமல் கைநாட்டு வைக்க எடுத்தாள். "பென்சன் வருமா?" என்றாள். நான் அதை வாங்கிக் கிழித்துவிட்டேன்.

இது உண்மையா அண்ணா? ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

செல்லியம்மாள்


கள்ளக்குறிச்சி
30.3.1998

அண்ணனுக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. கொளஞ்சி போனில் பேசியபோது நீங்கள் நலம் என்று சொன்னான். கேட்டு நிம்மதி. உங்களைக் கூப்பிடச் சொன்னேன். குளிக்கிறார் என்றான். அடுத்த வாரமும் குளித்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

அம்சவள்ளிக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷனில் வேலை. ஆனி மாதம் கல்யாணம். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "மாமா அவருகிட்ட ஒரு தபாவாவது போயி நன்றி சொன்னாராம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

காஜா அச்சகத்தில் பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டும். தாய்மாமன் பெயர் போடும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். உங்கள் பதில் வந்த பிறகு அதில் என்ன எழுதுவது என்று முடிவு செய்கிறேன்.

செல்லியம்மாள்


ஸ்கார்பரோ
19.4.1998

செல்லி,

உண்மைதான்.

இதை எழுத இத்தனை நாள் ஆனது. ஒரு வார்த்தை போதும் என்றாய். போதவில்லை, மீதியையும் கேள்.

மூன்று மாதத்தில் திரும்ப எடுப்பார்கள் என்று நான் நிஜமாகவே நம்பினேன். விசாரணை அதிகாரி என்னைப் பார்த்து, ஜீப் எங்கே போனது என்று கேட்டார். அந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று தேவைப்பட்டது. குடித்திருந்தான் என்பது அப்படி வந்ததுதான். உத்தரவு வந்த அன்று அவன் வந்து என் எதிரில் நின்றான். நான் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

மார்ச் மாதக் கூட்டத்தில் அவன் விண்ணப்பத்தை எடுத்தார்கள். டி.எஸ்.பி. என்னைக் கேட்டார்: "உங்க பக்கத்து ஆள்தானே பச்சமுத்து, தெரியுமா?" தெரியாது என்று சொன்னேன். எல்லோருக்கும் முன்னால். வேடியப்பன் எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போல நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுப் போனான். என் நாற்காலியை மட்டும் நான் உட்கார்ந்திருந்ததால் விட்டுவிட்டான்.

மறுநாள் விலாசம் தேடி இரண்டு பஸ் மாறிப் போனேன். அவன்தான் கதவைத் திறந்தான். "உள்ள வாங்க ஏட்டையா" என்றான். அவனுக்கு நான் இன்னும் ஏட்டுதான். உனக்கு என்ன வேண்டும், சங்கத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சங்கம் எனக்கு எதுக்குங்க? என் பொண்ணு ராஜாம்பாள் இன்னிக்கும் நான் குடிச்சிட்டு வேலையத் தொலச்சேன்னு நெனச்சிக்கினு கீது. உங்களுக்குக் குடுத்த வார்த்த, நான் என் வாயால சொல்ல மாட்டேன். நீங்க அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும். உங்க படத்த கடையில பாத்துட்டு அதுக்குத்தான் வந்தேன்" என்றான்.

மகள் மாடியில் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டது. நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பச்சமுத்து


கள்ளக்குறிச்சி
4.5.1998

அண்ணா,

வெளியே வந்துவிட்டீர்களா? அந்த வாசல் வரைக்கும் போய்விட்டு?

முப்பத்தேழு வருடம் காக்கி போட்டேன் என்று எழுதுவீர்களே, ஒரு நர்ஸ் பெண் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் ஓடி வருவதற்குத்தானா அது? நான் உங்களைக் குறை சொல்லும் இடத்தில் இல்லை. நீங்கள் அன்று செய்ததில் முதல் பாதி எனக்காகச் செய்தது. அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. என் பேரைச் சொல்லி ஒருவருடைய பேரைக் கெடுத்திருக்கிறீர்கள். என் மகள் பிறந்த நாள் ஒவ்வொரு வருடமும் வரும். அன்று பாயசம் வைத்தால் எனக்கு இறங்குமா?

கோபத்தில் நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். நலமாக இருங்கள். நலமாக இருந்தால்தான் திரும்பப் போக முடியும். திரும்பப் போங்கள்.

செல்லியம்மாள்


ஸ்கார்பரோ
31.5.1998

செல்லிக்கு,

போனேன்.

இந்த முறை முன்னதாகவே போன் செய்து, மகளும் இருக்கும் நேரமாகக் கேட்டுக்கொண்டு போனேன். ராஜாம்பாள் நர்ஸ் உடுப்போடு நின்றாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றபடியே சொன்னேன். ஜீப், நீ, ஆஸ்பத்திரி, விசாரணை, நான் எழுதிக் கொடுத்தது எல்லாம். சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தகப்பனைப் பார்த்து, "ஏம்ப்பா சொல்லல?" என்றாள்.

"வார்த்த குடுத்துட்டேன்மா."

"யாருக்கு? இந்தாளுக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அழுதுகொண்டே கத்தினாள். "எங்கம்மா சாவக் கெடக்கறப்ப குடிகாரன் கையால தண்ணி வேணாம்னு சொல்லிச்சி. நானும் சரின்னு சொல்லி உன்ன வெளிய நிக்க வச்சேன். அப்பக்கூட சொல்லலையே நீ! அப்பக்கூட வார்த்தையப் பாத்துக்கினு நின்னியா?" பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதிக் குடுங்க" என்றாள். என்ன எழுத என்றேன். "அன்னிக்கு எழுதிக் குடுத்தீங்கள்ல, அந்த மாதிரி" என்றாள்.

அவர்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். மூன்று பிரதி. ஒன்று அவளுக்கு. ஒன்றை அடுத்த கூட்டத்தில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் டி.எஸ்.பி. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நான்காம் விதிப்படி, மரியாதையுடன் பணி முடித்தவர் என்ற தகுதி எனக்கு இல்லை என்று சொல்லி என்னை நீக்கினார்கள். விதியை எழுதியவன் நான் என்பதால் எதிர்த்துப் பேச வழியில்லை. வேடியப்பனுக்கு உறுப்பினர் படிவம் கொடுத்தார்கள். அவன் அதை மடித்து மேசையில் வைத்துவிட்டு, "இருக்கட்டுங்க" என்று கும்பிட்டுப் போய்விட்டான். பக்கீர் முகமது என்னோடு பஸ் நிறுத்தம் வரை வந்தார். ஏறும்போது, "இவ்ளோ நாளா எப்டிய்யா தூங்குன?" என்று கேட்டார்.

மூன்றாவது பிரதியை இதில் வைத்திருக்கிறேன். மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கு. என் பென்ஷனை நிறுத்தினாலும் நிறுத்தட்டும். கொளஞ்சியிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாளாக அவன் என்னோடு பேசவில்லை. நான் கல்யாணத்துக்கு வருவதா வேண்டாமா என்பதை நீயே சொல்.

பச்சமுத்து


கள்ளக்குறிச்சி
18.6.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்லியம்மாள் எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கு இருமல் நின்றுவிட்டது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன். கொளஞ்சி பேசுவான், விடுங்கள். அவன் உங்கள் பிள்ளை, பிடிவாதம் இருக்கத்தான் செய்யும்.

கடிதம் வந்த மறுநாளே மலைக்குச் சொல்லியனுப்பினேன். ஆயம்மாள் இரண்டு பஸ் மாறி இறங்கி வந்தாள். இருவரும் விழுப்புரம் போனோம். இந்த முறையும் மூன்று மேசை. மூன்றாவது மேசைக்காரர் உங்கள் தாளைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இருவத்திரண்டு வருசம் ஆயிடுச்சேம்மா. இதுக்கு ஒண்ணும் ஆவாது. ஃபைலே இருக்காது" என்றார். ஆகட்டும், ஆகாமல் போகட்டும், வாங்கிக்கொண்டு முத்திரை போட்டுக் கொடுங்கள் என்றேன். வாங்கமாட்டேன் என்றார். ஆயம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வாங்கிக்கற வரிக்கும் எழுந்திருக்க மாட்டேன். எனக்கு மலையில ஒண்ணும் வேல இல்ல" என்றாள். சாப்பாட்டு நேரம் வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு வாங்கிக்கொண்டார். ரசீது இதோடு வருகிறது.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. தாய்மாமன் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. அம்சவள்ளிதான் போடச் சொன்னாள். வேடியப்பன் அண்ணனுக்கும் ராஜாம்பாளுக்கும் தனியாக ஒரு பத்திரிகை அனுப்பியிருக்கிறேன். அவர்கள் வருவார்களா என்று தெரியாது. வரச்சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம். அது என் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரசீது கைக்கு வந்து வெளியே வராந்தாவுக்கு வந்ததும் ஆயம்மாள் என் முந்தானையைப் பிடித்தாள். "அதுல இன்னா எழுதிக் கீது? எனக்குப் படிக்கத் தெரியாதே. படி" என்றாள். நான் எடுத்து வைத்திருந்த ஜெராக்ஸ் நகலைப் படித்தேன். சுற்றிலும் மனு கொடுக்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். சத்தமாகப் படி என்றாள். படித்தேன். இன்னொரு தபா படி என்றாள். படித்தேன். உங்கள் பெயர் வரும் இடத்தில் என் குரல் ஒவ்வொரு முறையும் இறங்கியது, எனக்கே தெரிந்தது. மூன்றாவது முறை படித்தபோது ஒரு வரிக்கு அவள் காத்திருந்து, அது வந்ததும் என்னோடு சேர்ந்து அவளும் சொன்னாள்: "அன்று காவலர் வேடியப்பன் குடித்திருக்கவில்லை."

உங்கள் வரவை எதிர்பார்க்கும் தங்கை,
செல்லியம்மாள்